ஊதத் தெரியும், தணிக்கத் தெரியாது: கரி ஸ்மோக்கர் கண்ட்ரோலரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரி ஸ்மோக்கருக்கு, அதாவது கரியின் மெல்லிய சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மணிக்கணக்காக வேகவைக்கும் அடுப்புக்கு, முதல் தடவை ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். இன்று கைதேர்ந்தவர்களும் ஒரு காலத்தில் செய்தவைதான் அவை. புரோபை (சூட்டை அளக்கும் கம்பி) செருக மறப்பது, வைஃபை கிடைக்காமல் தவிப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். பத்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து வெட்டிய பிரிஸ்கெட்டை (மாட்டின் நெஞ்சுக்கறி) கசக்க வைக்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பிபிகியூ குரு, ஃப்ளேம் பாஸ், ஃபயர்போர்டு என்று எதை வாங்கினாலும் வேலை ஒன்றே. கிரில் தட்டில் மாட்டிய புரோப் சூட்டை அளக்கிறது. நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால், கீழ்த் துவாரத்தில் பொருத்திய சின்ன விசிறி கரிக்குக் காற்று ஊதுகிறது. மேலே ஏறினால் விசிறி நிற்கிறது. அதற்குமேல் அதன் கையில் ஒன்றும் இல்லை. கொல்லுப்பட்டறைத் துருத்திக்குத் தெர்மாமீட்டர் கட்டிவிட்டது போலத்தான்: ஊதிப் பெருக்கத் தெரியும், தணிக்கத் தெரியாது.

நிறையக் கரியைப் பற்றவைத்துவிட்டு, ‘கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்’ என்று விடுவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. காட்சி எப்போதும் ஒன்றுதான். சிம்னி (கரி பற்றவைக்கும் தகரக் குழாய்) நிறையக் கரியைக் கனலவைத்து, வெபர் ஸ்மோக்கி மவுண்டன் என்ற உருளை வடிவ ஸ்மோக்கரில் கொட்டி, இறைச்சியை ஏற்றி, கண்ட்ரோலரை 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (107 செல்சியஸ்; இனி வரும் எண்களும் ஃபாரன்ஹீட்தான்) வைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் திரையில் 310. விசிறி பூஜ்யம் சதவீதம். கண்ட்ரோலர் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது, ஊதுவதை நிறுத்திவிட்டது. ஆனால் கங்கு கங்குதானே? சூடான காற்று மேல் துவாரம் வழியாக ஏறிப் போகும்போது, அந்த இழுப்பிலேயே கீழே இருக்கிற ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் புதுக் காற்று உள்ளே வருகிறது. விசிறி நின்றாலும் தீக்குச் சாப்பாடு நிற்பதில்லை.

அதன்பிறகு செய்வதுதான் இன்னும் கெடுதல். பதறிப்போய் எல்லாத் துவாரத்தையும் அடைக்கிறார்கள். தீ மூச்சுத் திணறி, புகை மணத்துக்காகக் கரியோடு போட்ட மரக்கட்டை எரியாமல் புகைய ஆரம்பிக்கிறது. மூடி இடுக்கெல்லாம் தடித்த வெள்ளைப் புகை. அந்தப் புகையின் கசப்பு இறைச்சியின் மேல் படிந்துவிட்டால் எந்த சாஸ் ஊற்றினாலும் போகாது. நல்ல புகை மெல்லிய நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதாக இருக்கும்.

பிக் கிரீன் எக் போன்ற பீங்கான் கமாடோவில் (முட்டை வடிவக் கரியடுப்பு) நிலைமை இன்னும் மோசம். கனத்த சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருமுறை 300-ஐத் தாண்டிவிட்டால், தீ அடங்கிய பிறகும் சுவர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சரியான முறை, சின்னத் தீயிலிருந்து ஏறி வருவது. கரிக் கிண்ணம் நிறையப் பற்றவைக்காத பிரிக்கெட் கரியை (அச்சில் அழுத்திச் செய்த கரி வில்லைகள்) போட்டு, நடுவில் சின்னக் குழி பண்ணி, நன்றாகக் கனன்ற 12 முதல் 15 பிரிக்கெட்டை மட்டும் வையுங்கள். அமெரிக்கப் போட்டிச் சமையல்காரர் ஜிம் மினியன் பெயரால் மினியன் முறை என்று வழங்குவது இதுதான். கமாடோவில் கட்டிக்கரியை நிரப்பி, ஒரே இடத்தில் ஒரு பற்றவைப்புக் கட்டி போதும். ஸ்மோக்கி மவுண்டனின் மூன்று கீழ்த் துவாரங்களில் ஒன்றில் விசிறி, மற்ற இரண்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும். மேல் துவாரம் கால்வாசி மட்டும் திறந்திருக்கட்டும். விசிறியின் வாயில் காற்றைக் குறைக்கிற தகடு இருந்தால், அதைப் பாதிக்கும் கீழே திறந்தால் போதும். வைத்த சூட்டுக்கு வந்துசேர முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகட்டும். அவசரப்படாதீர்கள். புகை மெலிந்த பிறகே இறைச்சியை ஏற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் எங்கோ காற்றுக் கசிவு. கண்டுபிடிக்க ஒரு வழி: அடுப்பில் கொஞ்சம் கரியில் ஈர மரத்துண்டைப் போட்டுப் புகைய விட்டு, மேல் துவாரத்தை மூடி, விசிறியை முழு வேகத்தில் ஓட்டுங்கள். கசிகிற இடமெல்லாம் புகையே காட்டிக்கொடுக்கும். ஸ்மோக்கி மவுண்டனில் பெரும்பாலும் கதவின் மேல் விளிம்பில் கோடு போட்டது போல வரும். அடுத்தது மூடியும் நடு உருளையும் சேரும் வட்டம். கதவுத் தகட்டை உருளையின் வளைவுக்குச் சரியாக வளைத்து, சுற்றிலும் நோமெக்ஸ் பட்டை (சூடு தாங்கும் துணிப் பட்டை) ஒட்டினால் பெரும்பகுதி அடங்கிவிடும். புரோப் ஒயரை மூடி விளிம்பில் நசுக்கி வெளியே எடுப்பதும் ஒரு கசிவுதான், ஒயரும் அறுந்துபோகும்.

ஓட்டம் நிலைத்த பிறகு விசிறி பத்து, இருபது சதவீதத்தில் விட்டுவிட்டு ஊதினால் தீ கண்ட்ரோலரின் கையில் இருக்கிறது. மணிக்கணக்காகப் பூஜ்யத்தில் நின்றும் சூடு இறங்கவில்லை என்றால், தீயை நடத்துவது கசிவு. கண்ட்ரோலர் வெறும் தெர்மாமீட்டர்.

மூடியைத் திறக்கும்போது விசிறியை ஓட விடுவது

மூடி திறந்ததும் புரோப் சடாரென்று இறங்கும். தீ அணைகிறது என்று நினைத்து கண்ட்ரோலர் முழு வேகத்தில் ஊதும். மேலிருந்தும் காற்று, கீழிருந்தும் காற்று. சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். மூடிய பிறகு சூடு 50 டிகிரி வரை எகிறும். சில கண்ட்ரோலர்கள் மூடி திறந்ததை உணர்ந்து சில நிமிடம் ஊதாமல் இருக்கும். அந்த வசதி இல்லையென்றால் விசிறியை அணைத்துவிட்டுத் திறங்கள், மூடியபின் ஐந்து நிமிடம் கழித்து விசிறியைப் போடுங்கள்.

புரோபை இறைச்சிக்கு ஒட்டி மாட்டுவது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆறு கிலோ பிரிஸ்கெட்டைச் சுற்றிக் குளிர்ந்த காற்று நிற்கும். புரோப் அதற்குள் இருந்தால் 225 என்று காட்டும்போது தட்டின் மறுபக்கம் 260 இருக்கும். குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கரிக்கும் இறைச்சிக்கும் நடுவே இருக்கிற தண்ணீர்த் தட்டின் விளிம்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். அனல் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது. மூடியில் பதித்த மீட்டர் வேறு எண் காட்டினால் கவலை வேண்டாம், அது இருக்கும் உயரம் வேறு.

இரண்டு புரோபையும் மாற்றிச் செருகுவது

கிரில் தட்டுப் புரோபோடு, இறைச்சிக்குள் குத்துகிற புரோப் ஒன்றும் இருக்கும். இரண்டும் மாறிவிட்டால், இறைச்சி 225 ஆகும்வரை கண்ட்ரோலர் ஊதித் தள்ளும். பற்றவைக்கும் முன்பே இறைச்சிப் புரோபைக் கையில் பிடித்து, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள்.

விசிறி நூறில் ஓடியும் சூடு இறங்கினால் செட்டிங்கை மாற்றுவது

கரி தீர்ந்திருக்கும், அல்லது சாம்பல் சேர்ந்து காற்று வழியை அடைத்திருக்கும். கரியே இல்லாத கிண்ணத்தில் ஊதினால் அடுப்பு இன்னும் ஆறும். முதலில் சாம்பலைக் கிளறி உதிர விடுங்கள், பிறகு கரி சேருங்கள். இரவு ஓட்டத்துக்கு பிரிக்கெட் போடுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். கட்டிக்கரியைவிட அது அதிகச் சாம்பல் விடும்.

இறைச்சி 160-ல் நின்றதும் சூட்டை ஏற்றுவது

மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. கண்ட்ரோலரில் கோளாறு இல்லை. பொறுங்கள், அல்லது கசாப்புக் காகிதத்தில் சுற்றுங்கள்.

ஐந்து டிகிரி ஏற்ற இறக்கத்துக்கு பிஐடி எண்களை (எவ்வளவு ஊதுவது என்று கண்ட்ரோலர் கணக்கிடும் செட்டிங்) நோண்டுவது

வேண்டாம்.

மழைக்குப் பயந்து கராஜுக்குள் வைப்பது

கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. கதவு திறந்திருந்தாலும் நம்ப முடியாது, உயிர் போகும். திறந்த வெளியில் வைத்து, கண்ட்ரோலர் பெட்டியை மட்டும் நனையாமல் மூடுங்கள்.

சமையல் முடிந்ததும் விசிறியைக் கழற்றாமல் விடுவது

ஓடும்வரை உள்ளே போகும் குளிர்ந்த காற்றுதான் விசிறியைக் காப்பாற்றுகிறது. மேல் துவாரத்தை மூடி விசிறியையும் நிறுத்தினால் அனல் அந்தக் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பிளாஸ்டிக் இறக்கையை உருக்கிவிடும். முதலில் விசிறியைக் கழற்றுங்கள், துவாரத்தை அடையுங்கள், கடைசியில் மேலே மூடுங்கள். காற்று நின்றதும் கரி அணைந்துவிடும். மறுநாள் சாம்பலை உதறிவிட்டு மிச்சக் கரியை அடுத்த சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.