எச்.ஐ.வி மாடல் போடுகிறவர்களுக்கு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

சென்ற மாதம் ஒரு பயிலரங்கில் இரண்டு மாணவர்கள் தங்கள் எச்.ஐ.வி சிமுலேஷனை, அதாவது தொற்று பரவுவதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாடலைக் காட்டினார்கள். திரையில் கருப்புப் புள்ளிகள், அவை நிஜத் தரவு. அவற்றின் மேலேயே பிசகாமல் போகும் ஒரு சிவப்புக் கோடு, அது மாடல் போட்ட கணக்கு. "வேலிடேட் ஆயிடுச்சு சார்" என்றான் ஒருவன், மாடல் சரி என்று உறுதியாகிவிட்டதாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே கோட்டை 2006இல் நானும் போட்டிருக்கிறேன்.

புரோகிராமில் வரும் பிழை, அலகுக் குழப்பம், ஃபைலைச் சேமிக்க மறந்தது, இதெல்லாம் தானாகவே வெளிப்பட்டுவிடும். நான் சொல்ல வருவது கடைசிவரை வாயே திறக்காத தவறுகளை.

ஒரே ஒரு ரன்

தற்செயலால் ஒவ்வொரு முறையும் கோடு மாறும். நூறு முறை ஓட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

நிகழ்தகவைப் பெருக்குவது

தொற்றுள்ளவரோடு ஊசி பகிர்வதில் ஒரு முறைக்கான தொற்று வாய்ப்பு ஏறத்தாழ 10,000க்கு 63. ஆண்டுக்கு 300 முறை என்று நேராகப் பெருக்கினால் 1.89 வரும். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு! தப்பிக்கும் வாய்ப்பை 300 முறை பெருக்கி, அதை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விடை 0.85.

புள்ளிகள் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தன?

என் ஒன்றரை ஆண்டை விழுங்கிய தவறு இது. இன்றைக்கும் யாராவது செய்தால் எரிச்சல் வருகிறது.

அப்போது தென்னிந்திய மாவட்டம் ஒன்றுக்கு, ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாக நடமாடவிடும் மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தரவு கண்காணிப்பு மையங்களுடையது. அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பெயர் நீக்கிச் சோதித்து, நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அப்போது ஆண்டுதோறும் எண்ணுவார்கள். பால்வினை நோய் கிளினிக்குகளிலும் இதே முறை. அந்த எண்களை மாவட்டத்தின் எண்களாகவே எடுத்துக்கொண்டு காலிபிரேஷனை, அதாவது கோடு புள்ளிகளில் பொருந்தும்வரை மாடலின் எண்களை மாற்றும் வேலையைத் தொடங்கினேன்.

மாடல் முதலில் அந்த உயரத்துக்கு ஏறவே மறுத்தது. ஆய்வுகள் சொன்ன தொற்று வாய்ப்பை வைத்தால் கோடு புள்ளிகளுக்குக் கீழேயே படுத்துக்கொண்டது. சரி, பாலியல் தொழிலாளிகளிடம் போகும் ஆண்களின் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். கோடு எழுந்து புள்ளிகளில் உட்கார்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கெடுப்புகளில் ஆண்கள் மறைக்கும் உண்மையை மாடல் கண்டுபிடித்துவிட்டது என்று இரண்டு பக்கம் வேறு எழுதினேன். நானே கூட்டி வைத்த எண்ணை நானே கண்டுபிடித்த கதை அது.

பிறகு ஒரு மையத்துக்கு நேரில் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். அங்கிருந்த லேப் டெக்னீஷியன் அம்மா போகிறபோக்கில் சொன்னார்: "நர்சிங் ஹோம்ல பாசிட்டிவ்னு வந்தா அவங்க பிரசவம் பார்க்க மாட்டாங்க சார். இங்கதான் அனுப்பிவிடுவாங்க." தனியார் பக்கம் கழித்துவிட்டவர்கள் எல்லாரும் அரசு மருத்துவமனையின் கணக்கில் வந்து சேர்ந்தார்கள். வசதியுள்ள, தொற்றில்லாத பெண்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. நான் மாவட்டம் என்று நினைத்தது, ஒரு வரிசையில் நின்றவர்களை மட்டும்.

2007 ஜூலையில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ புதிய மதிப்பீட்டை வெளியிட்டது. அதுவரை நாட்டில் 52 லட்சம் பேருக்குத் தொற்று என்று சொல்லிவந்தது, ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்கு 57 லட்சம். புதிய எண் சுமார் 25 லட்சம். மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு வீடுவீடாகப் போய் லட்சம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்துச் சோதித்ததில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 0.28 சதவீதம் பேருக்கே தொற்று தெரியவந்தது. குண்டூர் மாவட்டத்தில் அதற்கு முன்பே நடந்த ஆய்வும், கண்காணிப்பு மையக் கணக்கு நிஜத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. என் கோடுதான் அழகாகப் பொருந்திவிட்டதே!

திருத்திய எண்களோடு திரும்ப ஓட்டினேன். கூட்டி வைத்த ஆண்களின் விகிதம் பழைய இடத்துக்கே இறங்கியது. ஆணுறைத் திட்டம் தடுக்கும் தொற்றுகள் என்று நான் போட்ட எண் பாதிக்கும் கீழே போனது. கட்டுரை குப்பைக்குப் போனது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மையங்களை முதலில் திறப்பது நோய் அதிகமுள்ள ஊர்களில்தான். பின்னால் நோய் குறைந்த ஊர்களுக்கும் விரிப்பார்கள். 2006இல் மையங்கள் ஆயிரத்தைத் தாண்டின. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எங்கேயும் எதுவும் குறையாமலே கோடு சரியும். ஆண்டுதோறும் தொடர்ந்து இயங்கிய மையங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்.

தொற்று வாய்ப்பும் பாலியல் துணைகளின் எண்ணிக்கையும் மாடலின் சமன்பாட்டில் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டே வரும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தாலும் கோடு அதே இடத்தில்தான் இருக்கும். ஆகவே கோடு பொருந்தியதைக் காட்டி எனக்கு எதையும் நிரூபிக்க வராதீர்கள்.

சராசரி மனிதர்

நூறு பேரில் 95 பேருக்கு ஒரு துணை, ஐந்து பேருக்கு 21 துணைகள் என்று வைப்போம். சராசரி இரண்டு. மாடலில் எல்லாருக்கும் இரண்டு என்று கொடுத்தால் நோய் தானாக அணைந்துகூடப் போகும். ஆனால் பரவலைத் தீர்மானிப்பது சராசரியோடு, மாறுபாட்டை (சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் அளவின் வர்க்கங்களின் சராசரி) அதே சராசரியால் வகுத்து வரும் எண்ணையும் கூட்டினால் கிடைப்பது. ராபர்ட் மே, ராய் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டிய கணக்கு. இங்கே விடை 11.5. துணைகள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்களா, ஒரே காலத்தில் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். எண்ணிக்கை மாறாமலே பரவல் வேகம் மாறும் என்று மாரிஸ், கிரெட்ஸ்மார் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள்.

ஆண்கள் சொன்ன எண், பெண்கள் சொன்ன எண்

எத்தனை துணைகள் என்று கேட்டால், ஆண்கள் சொல்லும் மொத்தமும் பெண்கள் சொல்லும் மொத்தமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கண்டுபிடித்த ஆண்டும் தொடங்கிய ஆண்டும்

இந்தியாவில் முதல் தொற்றுகள் தெரியவந்தது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்று தெரிந்தது ஒருவரிடம் மட்டும் இல்லை, ஒரே தடவையில் பலரிடம். அப்படியென்றால் வைரஸ் முன்பே வந்து உலவிக்கொண்டிருந்தது. மாடலின் கடிகாரத்தை 1986இல் தொடங்கினால், அந்தத் தாமதத்தை ஈடுகட்டப் பரவல் வேகத்தை ஏற்றிவிடுவீர்கள்.

விகிதம் ஏறினால் தோல்வியா?

2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி, அதாவது வைரஸை அடக்கும் மருந்துச் சிகிச்சை தொடங்கியது. அதன்பின் இறந்திருக்க வேண்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். புதுத் தொற்றுகள் குறையும்போதே தொற்றுள்ளோர் விகிதம் ஏறலாம். விகிதம் இறங்குவதற்குச் சாவுகளும் காரணமாகலாம். புதுத் தொற்று, இறப்பு இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போடாத படத்தை நான் பார்ப்பதே இல்லை.

ஐம்பது ஆண்டு ஜோசியம்

தென்னாப்பிரிக்காவுக்காகப் போட்ட 12 மாடல்களுக்கு ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கொடுத்து 2012இல் ஒப்பிட்டார்கள். எட்டு ஆண்டுகளில் புதுத் தொற்று, சிகிச்சையே இல்லாத நிலையைவிட 35 முதல் 54 சதவீதம் வரை குறைவாக இருக்கும் என்றன. அவ்வளவு வரை பரவாயில்லை. தொலைவு கூடக் கூட ஆளுக்கொரு பக்கம் போயின.

பயிலரங்குப் பையன்களின் சிவப்புக் கோடு 2070 வரை போயிருந்தது. 2035க்கு மேல் அழிக்கச் சொன்னேன், அழித்தார்கள். கருப்புப் புள்ளிகள் எந்த மையங்களுடையவை என்று கேட்டேன். பார்த்து மெயில் போடுகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.