ஏர்கோன் சிக்னல் தடுமாறினால் டிரைவர் மென்பொருளைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் கோயில் மண்டப ஏர்கோனை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை ரிமோட்டாக்கி இயக்குகிறவர்கள், சிக்னல் அனுப்பும் எல்இடியை மாற்றும் முன் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பைப் பாருங்கள். பிடபிள்யூஎம் (துடிப்பலை உண்டாக்கும் வன்பொருள்) வழி அனுப்பும் ஐஆர் (அகச்சிவப்பு) டிரைவரில் 38 கிலோஹெர்ட்ஸ் அலையை வன்பொருளே துல்லியமாகத் தரும். ஆனால் பழைய கெர்னலில் அதை எப்போது நிறுத்துவது என்பது தூங்கி விழிக்கும் பிராசஸின் (ஓடும் நிரலின்) கையில். விழிப்பு சற்றுத் தாமதித்தாலும் 562 மைக்ரோநொடித் துடிப்பு நீண்டுவிடும். ஏர்கோன் குறியீடு நீளமானது, ஒரு பிட் பிசகினாலும் மொத்தமும் வீண்.

லினக்ஸ் கெர்னல் 6.8 முதல் இந்த வேலையை ஹைரெசல்யூஷன் டைமரின் இன்டரப்டே (மற்ற வேலையை இடைமறித்து உடனே ஓடும் அழைப்பு) செய்கிறது. மேம்படுத்துங்கள். எல்இடியை பையின் ஜிபிஐஓ 18 பின்னில் இணைத்தால் அனலாக் ஆடியோவை அணைத்துவிடுங்கள். பை 3, அதற்கு முந்தைய போர்டுகளில் அதுவும் அதே பிடபிள்யூஎம்மைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பிடபிள்யூஎம் இல்லாமல் பின்னை மென்பொருளே ஏற்றி இறக்கும் ஜிபிஐஓ டிரைவரும் துல்லியம்தான், ஆனால் அனுப்பி முடியும்வரை இன்டரப்டை அடைத்துவிடும். ஒற்றைக் கோர் பை ஜீரோவுக்கு அது வேண்டாம்.

அளக்கும்போது ஒன்று: சிக்னலை வாங்கிக் காட்டும் ஐஆர் ரிசீவர் மாட்யூல் துடிப்பின் அகலத்தைத் தானே மாற்றிக் காட்டும். துடிப்பையும் இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை சரியென்றால் டிரைவர்மேல் பழியில்லை.