முட்டை காக்டெயிலுக்கு முதலில் ஐஸ் போடாமல் குலுக்குங்கள்

ஜின் என்ற மதுபானம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25 மில்லி, சர்க்கரைப் பாகு 20 மில்லி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. இவற்றை ஷேக்கரில் (மூடி போட்டுக் குலுக்கும் குவளை) ஊற்றி, ஐஸ் இல்லாமலே 15 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். அப்புறம் ஐஸ் போட்டு இன்னொரு 15 விநாடி குலுக்கி வடிகட்டினால், மேலே வெண்ணெய் போல அடர்த்தியான நுரை நிற்கும்.

வெள்ளைக்கருவில் உள்ள புரதம் விரிந்துகொடுத்துக் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் நுரை வருகிறது. குளிரில் இந்த வேலை மெதுவாக நடக்கும். ஐஸோடு நெடுநேரம் குலுக்கினால் நுரை வருவதற்குள் ஐஸ் கரைந்து பானம் நீர்த்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு நுரை கலையாமல் நிற்கவும் உதவுகிறது. முதல் குலுக்கலில் மூடியை இன்னும் இறுக்கிப் பிடியுங்கள். குளிர்ச்சி இல்லாததால் மூடி இறுகாது, தெறித்துவிடும்.

ராமோஸ் ஜின் ஃபிஸ் என்ற காக்டெயிலில் போலக் க்ரீம் சேர்ப்பதாக இருந்தால், அதை ஐஸோடு சேர்த்துப் போடுங்கள். கொழுப்பு நுரையைக் கெடுக்கும். மஞ்சள் கருவுடன் முழு முட்டை போட்டால் பானம் கெட்டியாகும், ஆனால் இவ்வளவு நுரை வராது. முட்டையே இல்லாத பானத்துக்கு இந்த முறை தேவையில்லை. சோடா சேர்ப்பதென்றால் கடைசியில், கண்ணாடிக் கோப்பையில்தான். ஷேக்கரில் ஊற்றவே கூடாது.

எலுமிச்சையோ மதுவோ பச்சை முட்டையில் உள்ள கிருமியை நம்பகமாகக் கொல்லாது. முதியவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் பாஸ்டரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) வெள்ளைக்கருவையே பயன்படுத்த வேண்டும்.