காளையா, ஊசியா: மாட்டைச் சினைப்படுத்துவதில் நடக்கும் தவறுகள்

மாட்டைக் காளைக்கு விடுவது நல்லதா, ஊசி போடுவது, அதாவது காளையின் விந்தைக் கருவியால் கருப்பையில் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல், நல்லதா என்ற பேச்சு மாடு வளர்ப்பவர்களிடையே ஓய்வதே இல்லை. ஒரு தரப்பு ஊசி போட்டால் சினையே நிற்பதில்லை என்கிறது. இன்னொரு தரப்பு காளையை வைத்துக்கொண்டு இனத்தை முன்னேற்ற முடியாது என்கிறது. முறையை மாற்றுபவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. காளை தானாகவே செய்துவந்த வேலைகள் ஊசிக்கு மாறியதும் நம் பொறுப்பாகிவிடுகின்றன. காளையைத் தொழுவத்தில் கட்டினால் வேறு சில பொறுப்புகள் வந்து சேர்கின்றன. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நேரத்தைத் தவறவிடுவது. மாடு சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது சேர்க்கைக்குத் தயாரான நிலைக்கு, வரும். கத்துவது, தீனி குறைவது, கண்ணாடி போன்ற திரவம் ஒழுகுவது எல்லாம் அறிகுறிகள்தான். ஆனால் உறுதியான அறிகுறி, இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்பது. தாவுகிற மாட்டையே பருவத்தில் இருப்பதாக நினைத்து ஊசி போடுகிறார்கள். நின்று கொடுத்த மாட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்த நிலை பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். கடும் வெயிலிலும், நிறையக் கறக்கும் மாடுகளிலும் இன்னும் குறையும். இரவில் தொடங்கி விடியும்போது முடிந்துவிடுவதும் உண்டு. கருமுட்டை வெளியாவதோ பருவம் முடிந்து 10, 12 மணி நேரம் கழித்து.

உடன் இருக்கும் காளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, அது மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடும். ஊசிக்கு நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் நிற்கக் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்ற கணக்கு 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. இன்றும் நம்பிப் பின்பற்றலாம். அதற்கு மாட்டை விடியற்காலையிலும் இரவு படுக்கப்போகும் முன்பும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். கறக்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பது போதாது. பருவம் முடிந்த ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, லேசாக ரத்தம் கசியும். அதைப் பார்த்துவிட்டு ஊசிக்கு ஓடுவது வீண். அந்தச் சுற்று போய்விட்டது. தேதியைக் குறித்துவைத்து, அடுத்த 17, 18 நாள் கழித்து உன்னிப்பாகக் கவனிக்கலாம்.

அப்புறம் உறைவிந்து. கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைந்தாலும் பிழைக்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் உடன் இருந்தவர்களும் கண்டார்கள். அதனால்தான் இன்று ஒரு காளையின் விந்தை மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில், ஆண்டுக்கணக்கில் வைக்க முடிகிறது. ஆனால் விந்து அடைத்த மெல்லிய குழாய்களான குச்சிகளில் எது வேண்டும் என்று தேடுவதற்காக நைட்ரஜன் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தால் விந்தணு செத்துப்போகும். குச்சியைச் சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்துச் சூடேற்றுவதும் தவறு. 35 முதல் 37 டிகிரி வெந்நீரில், வெப்பமானி வைத்துப் பார்த்து, அரை நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து, துடைத்து, உடனே பயன்படுத்த வேண்டும். ஊசி போடுபவரிடம் இதைக் கேட்க மாட்டின் சொந்தக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு.

காளை வைத்திருப்பவர்களின் வழக்கமான தவறு, நல்ல காளை என்று ஒன்றையே பல வருடம் வைத்திருப்பது. அதற்குப் பிறந்த கிடேரிகள் பருவத்துக்கு வரும்போதும் அதே காளைதான் தொழுவத்தில் நிற்கும். அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததன் அளவு, 25 சதவீதம். வளர்ச்சி குன்றும், சினை பிடிப்பது குறையும், மறைந்திருந்த குறைகள் வெளியே வரும். நோய் இன்னொரு பக்கம். கன்று வீச்சு நோயும் (புருசெல்லோசிஸ்), கண்ணுக்குத் தெரியாமல் கருவைக் கலைக்கும் டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபாக்டர் தொற்றுகளும் காளை வழியாக மாட்டுக்கு மாடு பரவக்கூடியவை. பல இடத்து மாடுகள் வந்துபோகும் காளையைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று, விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட காளை தேறிவிட்டதாகத் தெரிந்தாலும், சில வாரங்களுக்கு அதனால் சினை நிற்காமல் போகலாம்.

உறவுக்குள் சேர்க்கும் தவறு ஊசியில் இல்லை என்று நினைக்க வேண்டாம். பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற, ஹோல்ஸ்டீன் எனும் கறவை இனக் காளை 1962இல் பிறந்தது. பால் உற்பத்தியில் அபாரமான வாரிசுகளைத் தந்ததால் அதன் வம்சத்து விந்து உலகம் முழுக்கப் போனது. கருவிலேயே கன்றைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையும் கூடவே போனது. அந்தக் குறையை இரண்டு பக்கமிருந்தும் பெற்ற கருக்கள் கலைந்தன. இதனால் உலக அளவில் ஐந்து லட்சம் கருச்சிதைவுகள் நடந்திருக்கும் என்று 2016இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஊசி போட்டதும் காளையின் எண்ணைக் குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த எண் இல்லாவிட்டால், மகள் வளர்ந்து வரும்போது அவளுக்கும் அதே காளையின் விந்து விழாமல் தடுக்க வழியே இல்லை.

கலப்பினத்தில் முதல் தலைமுறையின் வீரியத்தைப் பார்த்து மயங்குவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு இனம் கலந்த முதல் தலைமுறை நன்றாகக் கறக்கும், நோயும் தாங்கும். அந்தக் கலப்பினங்களையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்தக் கூடுதல் வீரியம் பாதியாகக் குறைகிறது. அதற்குப் பயந்து அதிகப் பால் இனத்தையே மேலும் மேலும் சேர்த்துக்கொண்டு போனால், வெப்பத்தையும் உண்ணியையும் தாங்காத மாடு வந்து நிற்கும். நம்மிடம் உள்ள தீவனம், நிழல், தண்ணீர் எந்த அளவு ரத்தக் கலப்பைத் தாங்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அங்கேயே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். சின்ன உடம்புக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்ப்பது இதைவிட மோசம், ஈனும்போது தாயும் கன்றும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

வயதை மட்டும் பார்த்துக் கிடேரியைச் சினைப்படுத்தக் கூடாது. வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஈன்ற மாட்டுக்கு 45 முதல் 60 நாள் ஓய்வு தேவை. பெண் கன்று தரும் பாலினம் பிரித்த விந்து ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பெண் கன்று தருவது உண்மை. ஆனால் ஒரு குச்சியில் விந்தணு குறைவு, சினை பிடிப்பதும் குறைவு. ஆரோக்கியமான கிடேரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே சினை நிற்காத மாட்டுக்கு வேண்டாம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும், ஆகவே பரிசோதிக்காமல் அதை வருடக்கணக்கில் வளர்க்க வேண்டாம்.

மூன்று முறை சரியான நேரத்தில் சேர்த்தும் சினை நிற்கவில்லை என்றால், காளையிலிருந்து ஊசிக்கோ ஊசியிலிருந்து காளைக்கோ தாவுவதை விட்டுவிட்டு மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பையில் தொற்று இருக்கலாம், தாது உப்புக் குறைவாக இருக்கலாம். சரி, 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வரவில்லை, சினைதானே என்று விட்டுவிடுவதும் ஆபத்து. ஊமைப் பருவம் சத்தமில்லாமல் வந்துபோகும். இரண்டு மாதத்தில் கால்நடை மருத்துவர் மலக்குடல் வழியாகக் கையை விட்டுப் பார்த்து உறுதிசெய்தால், சினையில்லாத மாட்டை ஏழெட்டு மாதம் வீணாகக் காத்து வளர்க்கும் நிலை வராது.