ஒன்பதாம் நாள் வெடித்த தட்டு

போன சனிக்கிழமை, சூளையில் கண்ணாடியை உருக்கி ஒட்டும் வேலையை என்னிடம் பழக வரும் தம்பி ஒருவர் பெருமையோடு ஒரு தட்டைக் காட்டினார். வெள்ளவத்தையில் இடித்த வீடொன்றின் லூவர் யன்னல் கண்ணாடி. அதன்மேல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நீல, சிவப்புக் கண்ணாடித் துண்டுகள். எனக்கு வயிறு கலங்கியது. பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தட்டு!

போத்தல் லேபலைக் கழுவாமல் சூளையில் வைப்பது, கையை வெட்டிக்கொள்வது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும்.

கண்ணாடிகளைக் கலப்பது

என் தட்டை மச்சாளின் கல்யாணத்துக்குக் கொடுத்தேன். சூளையிலிருந்து எடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது: "ஒருவரும் தொடவில்லை. அலுமாரிக்குள் இருந்தபடியே இரண்டாகிவிட்டது." அபசகுனம் என்று அவருடைய மாமியார் முணுமுணுத்ததும் என் காதுக்கு வந்தது.

சகுனம் அல்ல, கணக்கு. யன்னல் கண்ணாடி ஒரு பாகைச் சூட்டுக்கு ஏறத்தாழ கோடியில் 85 பங்கு விரியும். என் வண்ணத் துண்டுகள் 96 பங்கு. 30 சென்ரிமீற்றர் தட்டு 500 பாகை ஆறும்போது வித்தியாசம் 0.16 மில்லிமீற்றர்தான். ஆனால் இறுகிய கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. அந்த மயிரிழை அளவை உள்ளேயே இறுக்கி வைத்திருந்து, தனக்கு விருப்பமான நாளில் வெடிக்கும்.

இன்றும் எரிச்சலாக இருப்பது வேறு. கனடாவிலிருந்து வந்த அண்ணரிடம் சொல்லி வாங்கிய பெட்டி அது. மேலேயே 96 என்று அச்சிட்டிருந்தது. விலையைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

போத்தல்களையும் நம்பாதீர்கள். பியர் போத்தலும் சாராயப் போத்தலும் ஒரே சாதிக் கண்ணாடி என்று யார் சொன்னது? ஒரே போத்தலின் துண்டுகளை அதனுடனேயே சேர்ப்பதுதான் இப்போது என் வழக்கம்.

கலந்தே ஆகவேண்டுமா? விரலளவு துண்டில் சேர்த்துச் சுட்டு, ஒழுங்காக ஆறவிட்டு, வெள்ளையாக ஒளிரும் எல்சிடி திரைக்கு முன் பிடியுங்கள். போலரைஸ்டு வெயில் கண்ணாடி வழியாகப் பார்த்து, திரை இருளும்வரை அந்த வெயில் கண்ணாடியைத் திருப்புங்கள். இணைப்பைச் சுற்றி மட்டும் ஒளி கசிந்தால், பெரிய தட்டைத் தொடங்கவே வேண்டாம்.

வெள்ளீயப் பக்கம்

இன்றைய யன்னல் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. வெள்ளீயத்தைத் தொட்ட பக்கம், சூளையில் அச்சுக்குள் வளையும்போது பால்போல் மங்கலாம். 254 நானோமீற்றர் புற ஊதா விளக்கில் அது வெளிறி ஒளிரும். கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு பெரும்பாலும் உதவாது, வாங்கி ஏமாந்தேன்.

மின்வெட்டு

2022இல் 13 மணிநேரம் மின்சாரம் போன நாட்களில் நான் சூளையை மூட்டவே இல்லை. ஆறும் நேரத்தில் நின்றுபோனால் மூடியைத் திறந்து எட்டிப்பார்க்காதீர்கள்.

போரோசிலிக்கேட் பாத்திரம்

சூடு தாங்கும் சமையல் கண்ணாடி. விரிவது கோடியில் 33 பங்குதான். தூரப் போடுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி

வேண்டாம்.

தம்பியின் தட்டு

இன்றோடு ஆறு நாள். இன்னும் முழுதாகத்தான் இருக்கிறதாம்.