வீட்டுக்கு ஓப்பன் ஸ்விட்ச் தேடறவங்க, மொதல்ல அடியில இருக்கற ஸ்டிக்கர பாருங்க

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க, பாலக்காடு ஜில்லா. வீடு ஒருபக்கம், தோப்புல மோட்டார் ரூம் ஒருபக்கம், ரெண்டு எடத்துலயும் கேமரா இருக்குது, மாடியில தம்பி கம்பெனி லேப்டாப்ப வெச்சு வேலை பாக்கறான். இது மூணும் ஒரே நெட்வொர்க்குல கெடக்கக்கூடாது, வீலேன் போட்டு, அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள்ளயே தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கணும். ஏற்கனவே இருந்த மேனேஜ்டு ஸ்விட்ச்சுக்கு (வீலேன் மாதிரி செட்டிங் போட முடியற ஸ்விட்ச்) கம்பெனிக்காரங்க அப்டேட் விடறத நிறுத்திட்டாங்க, பெட்டி நல்லாத்தான் ஓடுது, ஆனா சரிபண்ணாத சாஃப்ட்வேர நம்பி கேமராவ எப்படிங்க விடறது. அதுக்கப்புறம்தான் சாஃப்ட்வேர நாமளே மாத்திக்கற மாதிரி ஸ்விட்ச், அதாவது ஓப்பன் ஸ்விட்ச் தேட ஆரம்பிச்சேன்.

ஓப்பன் நெட்வொர்க்கிங்னு தேடுனா மொதல்ல டேட்டா சென்டர் பெட்டிகதான் வரும். ஓனின்னு (ONIE) சாஃப்ட்வேர் ஏத்தறதுக்குன்னே ஒரு சின்ன சிஸ்டம் உள்ள இருக்கும், அது வழியா சானிக் (SONiC) மாதிரி ஸ்விட்ச்சுக்கான லினக்ஸ் போட்டுக்கலாம், மைக்ரோசாஃப்ட் 2016ல வெளிய விட்டது அது. டெல் எஸ்3048-ஓஎன் மாதிரி 48 போர்ட் பெட்டி பழசா வரும்போது ஆசையாத்தான் இருக்கும். அவசரப்படாதீங்க. எல்லா பெட்டியிலயும் எல்லா சாஃப்ட்வேரும் ஓடாது. இதே மாதிரி இன்னொரு ஸ்விட்ச் சாஃப்ட்வேரான குமுலஸ் லினக்ஸையே எடுத்துக்கங்க, 2020ல என்விடியா கைக்கு போச்சு, அதோட 5.0 வரிசை அவங்க ஸ்பெக்ட்ரம் சிப்புல மட்டும்தான் ஓடும். அதுபோக ஃபேன் சத்தம் வீட்டுக்குள்ள தாங்காது. கரண்டையும் கணக்கு போட்டு பாருங்க: ஒரு பெட்டி 100 வாட் இழுத்தா கேரளா கரண்ட் ஆபீஸ் கேஎஸ்இபி-யோட ரெண்டு மாச பில்லுல 144 யூனிட் அதுக்கே போயிரும், 10 வாட் இழுக்கற சின்ன ஸ்விட்ச்சுன்னா 14 யூனிட்டு சொச்சம்தான்.

வீட்டுக்கு சரியான வழி ஓப்பன்டபிள்யூஆர்டிங்க (OpenWrt), சும்மா கெடைக்கற லினக்ஸ் சாஃப்ட்வேர் அது. ரவுட்டர்ல போடறதுன்னுதான் நெறைய பேருக்கு தெரியும், 21.02 பதிப்புல இருந்து ரியல்டெக் சிப் வெச்ச ஸ்விட்ச்சுலயும் ஓடுது. ஆர்டிஎல்838எக்ஸ் வகை சிப்புன்னா 28 கிகாபிட் போர்ட் வரைக்கும் வரும். சைசெல் ஜிஎஸ்1900 வரிசை, டி-லிங்க் டிஜிஎஸ்-1210 வரிசையில சிலது, நெட்கியர் ஜிஎஸ்108டி, இதெல்லாம் தேடலாம். வீட்டுக்கு எட்டு போர்ட் போதும், ஃபேன் இல்லாத ஜிஎஸ்1900-8 அமைதியா கெடக்கும்.

இங்கதான் நான் ஏமாந்தேன். பேரு ஒண்ணா இருக்கும், உள்ள சிப் வேற. ஜிஎஸ்108டி-ல மூணாவது வெர்ஷன்தான் ரியல்டெக், அதுக்கு முந்துனது வேற சிப், அதுல ஆகாது. நான் போட்டோவுல முன்பக்கத்த மட்டும் பாத்து பழைய ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி, வீட்டுக்கு வந்து திருப்பி பாத்தா வெர்ஷன் வேற, காசு போனது போனதுதான். அதனால பழசு விக்கறவங்ககிட்ட அடியில இருக்கற ஸ்டிக்கர் போட்டோவ கேளுங்க, அதுல இருக்கற மாடல், வெர்ஷன் ரெண்டையும் ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலோட ஒரு எழுத்து விடாம ஒத்துப்பாருங்க. அந்த போட்டோவ அனுப்பமாட்டேன்னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க. அடாப்டரும் ஒரிஜினல்தானான்னு கேட்டுக்கங்க. பிஓஈ கேமரா (லேன் ஒயர்லயே கரண்ட் எடுத்துக்கறது) இருந்தா ஸ்விட்ச் மொத்தம் எவ்வளவு வாட் குடுக்கும்னு பாக்கணும், ஜிஎஸ்1900-8ஹெச்பி-ல 70 வாட், வீட்டு கேமராவுக்கு அது தாராளம்.

ஓப்பன்டபிள்யூஆர்டி போடறதுக்கு முன்னாடி யூஎஸ்பி சீரியல் ஒயர் (லேப்டாப்ப ஸ்விட்ச் போர்டு பின்னுல நேரா சேக்கறது) ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க, 3.3 வோல்ட் ஓடறதா இருக்கணும், 5 வோல்ட் குடுத்தா சிப் போயிரும். கிரவுண்டு, ஆர்எக்ஸ், டிஎக்ஸ் மூணு மட்டும் சேத்துங்க, பவர் பின்ன விட்டுருங்க, ஸ்பீடு 115200. ஏதாச்சும் தப்பா போனா மீட்டெடுக்க அதுதான் வழி. போட்டு முடிச்சதும் லேப்டாப்ல மட்டும் சொருகுங்க, வீட்டு நெட்வொர்க்குல சொருகாதீங்க, ஏன்னா அது 192.168.1.1 எடுத்துக்கும், உங்க மோடமும் அதே நம்பர்ல இருந்தா ரெண்டும் முட்டிக்கும். நம்பர மாத்தி, பாஸ்வேர்ட் போட்டு, அப்புறம் வீலேன். ஒரு வீலேன்ல இருந்து இன்னொண்ணுக்கு போற வேலைய ரவுட்டர்கிட்ட விட்டுருங்க, ஸ்விட்ச்சோட சிபியூ சின்னது, ரூட்டிங் பண்ணவெச்சா திணறும். ஒரே வீலேனுக்குள்ள ஒரு போர்ட்ல வர்ற டேட்டாவ இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பறத ஸ்விட்ச் சிப்பே பண்றதால அதுல முழு வேகம் கெடைக்கும்.

ஸ்விட்ச் வாங்கவே காசு இல்லீன்னா, ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடற பழைய ரவுட்டர்ல வைஃபையும் டிஹெச்சிபியும் (தானா ஐபி நம்பர் குடுக்கற வேலை) நிறுத்திட்டா நாலு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் கெடச்சாச்சு.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். துலாவர்ஷத்துல (ஐப்பசி மழைக்காலம்) இடி எறங்கறது தெரியுமில்லைங்களா. தோப்புல இருந்து வீட்டுக்கு செம்பு லேன் ஒயர் இழுத்திருந்தேன், போன ஐப்பசியில ஒரே மின்னல்ல மோட்டார் ரூம் ஸ்விட்ச்சும் வீட்டுல ரெண்டு போர்ட்டும் போச்சு. இப்ப அந்த தூரத்துக்கு ஃபைபர்தான், கண்ணாடி இழையில கரண்ட் பாயாது. எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்யூல் சொருகற ஓட்டை) இருக்கற மாடலா வாங்குனீங்கன்னா நேரா சொருகிக்கலாம், இல்லீன்னா ஃபைபர லேன் ஒயருக்கு மாத்தித் தர்ற மீடியா கன்வெர்ட்டர் ரெண்டு போதும். கேபிள்காரங்க வீட்டுக்கு இழுக்கற ஃபைபர் ட்ராப் ஒயர்ல பலதுல உள்ள இரும்புக்கம்பி வரும், மின்னல் அது வழியா உள்ள வந்துரும், அதனால ரெண்டு முனையிலயும் அத வீட்டுக்கு வெளியவே வெட்டி விட்டுட்டு கண்ணாடி இழைய மட்டும் உள்ள கொண்டுவாங்க.