டேலஸ் எலும்பு: வலக்காலா, இடக்காலா என்று கண்டறியும் முறை

பாதத்தின் 26 எலும்புகளில், கீழ்க்கால் சுமந்து வரும் உடல் எடையை முதலில் வாங்கிக்கொள்வது டேலஸ். மாதிரி எலும்பை முதன்முறை கையில் எடுப்பவர்கள் எது மேல், எது முன் என்று திகைப்பது இயல்பு. மூன்று அடையாளங்களை வரிசையாகப் பார்த்தால் தடுமாற்றம் நீங்கும்.

முதல் படி: குறுகிய கழுத்தின் முனையில் வழவழப்பாக உருண்டிருக்கும் தலையைத் தேடி, அது முன்னோக்கி இருக்குமாறு எலும்பைப் பிடியுங்கள். உடலில் இத்தலை, பாதத்தின் உட்புறத்தில் இதற்கு முன்னே உள்ள படகு எலும்போடு சேர்கிறது.

இரண்டாம் படி: கப்பியைப் போல வளைந்து, நடுவில் சற்றே குழிந்த பரப்பை மேலே திருப்புங்கள், கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா அமர்வது இதன்மேல்தான். இப்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள், முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அகன்ற பகுதி இரு கணுக்கால் புடைப்புகளுக்கும் இடையே இறுக்கமாகப் பொருந்துகிறது. நுனிக்காலில் நிற்கும்போது குறுகிய பகுதி அங்கு வருவதால் மூட்டு தளர்கிறது, கால் பிசகுவதும் எளிதாகிறது. என்னைப் பொறுத்தவரை, இந்த எலும்பில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுவே.

மூன்றாம் படி: பெரிய முக்கோண வடிவ மூட்டுப்பரப்பு எந்தப் பக்கம் உள்ளது என்று பாருங்கள். கீழ்க்காலின் வெளிப்புறத்தில் உள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலா தொடும் அப்பக்கமே வெளிப்பக்கம். அது உங்கள் வலப்புறம் இருந்தால் எலும்பு வலக்காலுடையது. உட்பக்கப் பரப்பு காற்புள்ளி போன்றது.

இனி எலும்பைக் கவிழ்த்தால், குதிகால் எலும்போடு சேரும் மூன்று பரப்புகளும் ஆழமான ஒரு பள்ளமும் தெரியும். பின்முனையில் இரு முடிச்சுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் பெருவிரலை மடக்கும் தசையின் நாண் செல்கிறது. ஆனால் அது அங்கே ஒட்டுவதில்லை. டேலஸில் எந்தத் தசையும் ஒட்டுவதில்லை என்பதோடு, ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பைக் குருத்தெலும்பு மூடியிருப்பதால் இரத்தக்குழாய்கள் நுழையவும் இடம் குறைவு. அவற்றுள் முக்கியமானவை கழுத்துப் பகுதியை ஒட்டியே நுழைகின்றன. ஆகவே கழுத்து முறிந்து விலகினால், அதற்குப் பின்னாலுள்ள டேலஸின் பெரும்பகுதி இரத்தமின்றி இறந்துபோகக்கூடும்.

இறுதியாக, உங்கள் காலிலேயே தொட்டுப் பாருங்கள். உட்புறக் கணுக்கால் புடைப்புக்கும், அதற்கு முன்னே கீழாகத் தட்டுப்படும் படகு எலும்பின் முனைக்கும் நடுவே விரலை வைத்து, பாதத்தை மெல்ல வெளிப்புறமாகத் திருப்புங்கள். விரலுக்கடியில் உந்தி வருவது டேலஸின் தலை.